அரைச் சுற்று

ருஸ்தாவியில் பிப்ரவரி.
தகரக் கொட்டகைக்குள் என் வாய் புகைகிறது.
புகைய வேண்டியது வண்டி.

ஏழு வாரம்
சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து,
வால்வுகளை முட்டை அட்டையில் வரிசை மாறாமல் நட்டு வைத்து,
நானே பிரித்தேன், நானே கூட்டினேன்.
கடைசியில் மீந்தது ஒரே ஒரு வாஷர்.
மூன்று இரவுத் தூக்கம் அதன் ஓட்டை வழியாகப் போயிற்று.

சாவியைத் திருப்பினால்
உருமல், உருமல், உருமல்,
பிறகு கார்புரேட்டர் வழியே ஒரு தும்மல்.
பக்கத்துக் கொட்டகை ஜெமால் எட்டிப் பார்த்தான்.
"பெட்ரோல் வருதா?"
வருகிறது.
"பொறி?"
பிளக்கைக் கழற்றி இரும்பில் ஒட்டிக் காட்டினேன்:
நீலமாக, நறுக்கென்று.
"அப்போ அழுத்தம் இல்ல."
நான்கு சிலிண்டரிலும் பதினொன்று காட்டுது முள்.
"எல்லாம் சரியா இருக்கு, லமாரா" என்றான்,
நோய்க்குப் பேர் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி,
போய்விட்டான்.

வேறு வழியில்லாமல் வஜாவை அழைத்தேன்.
விவாகரத்துக்குப் பின் அவனிடம் நான் கேட்ட முதல் பொருள்
டைமிங் விளக்கு.
விளக்கு வந்தது. பிடித்துக்கொண்டு அவனும்.

ஓடாத என்ஜினுக்கு விளக்கு எதற்கு என்று
அதை மூலையில் வைத்துவிட்டு
முதல் பிளக்கைக் கழற்றினான்,
துளையைக் கட்டைவிரலால் அடைத்தான்.
"சுத்து."
முப்பத்தெட்டாம் நம்பர் ஸ்பேனரில் மொத்த உடம்பையும் போட்டேன்.
குறியும் குறியும் நேருக்கு நேர்.
"இங்கதானே வெச்சே?"
"இங்கதான்."
"காத்து வரல. இன்னும் ஒரு சுத்து."
மறுபடி அதே குறி, அதே நேர்.
இந்த முறை
அவன் விரலை உள்ளிருந்து தள்ளிற்று,
புஸ்ஸென்று.

பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும்.
ஒன்று அழுத்த, ஒன்று வெளியேற்ற.
வெளியே நிற்பவர்களுக்கு இரண்டும் ஒரே குறி.
எல்லாம் வெளியேறிக்கொண்டிருந்த வேளையில்
நான் பொறி வைத்திருக்கிறேன்.

வஜா எதையோ சொல்ல வாயெடுத்தான்.
"சொல்லாதே" என்றேன்.

டிஸ்ட்ரிபியூட்டரை உருவினேன்.
நான்காவதைப் பார்த்திருந்த முனையை
முதலாவதைப் பார்க்க வைத்தேன்.
அரைச் சுற்று. கிளிப்புகள் டக், டக்.
சாவி.

பற்றிக்கொண்டது பாருங்கள்!
நீலப்புகை, கூரைத் தகரமெல்லாம் கடகட,
ஜெமால் கையில் ரொட்டியோடு ஓடி வருகிறான்,
"நான்தான் சொன்னேனே, எல்லாம் சரியா இருக்குன்னு."

"இருபது நிமிஷம் அணைக்காதே,
புது ரிங், படியணும்" என்று கத்தினான் வஜா.
ஆகவே நின்றோம் இருபது நிமிஷம்,
அந்தச் சத்தத்தில் பேச வேண்டியதில்லாமல்.
பதினெட்டாவதிலோ என்னவோ
பாக்கெட்டிலிருந்து வாஷரை எடுத்து நீட்டினேன்.
விரலில் உருட்டினான், வெளிச்சத்துக்குக் காட்டினான்,
சிரித்துவிட்டான்.
"இது வண்டியோடது இல்ல.
நம்ம துணி துவைக்கிற மெஷினோடது."

நம்ம என்றான்.
மெஷின் என் வீட்டில் இருக்கிறது,
நவம்பரிலிருந்து ஒழுகிக்கொண்டு.
விளக்கை மறந்துவிட்டுப் போனான்.