முதல் தக்காளியின் அடக்கவிலை

ஏழு மணி அடிக்க ஐந்து நிமிடம்.
குளிர்ப்பெட்டி முன்னால் நின்று
எனக்குத் தேவையே இல்லாத தயிரின்
கொழுப்பு விகிதத்தை மூன்றாம் முறை வாசிக்கிறேன்.
பக்கத்தில் மொய்ரா ஸ்டாதர்ட்
சூப் டப்பாவைக் கையில் வைத்து ஆராய்கிறாள்.
தலைகீழாகப் பிடித்திருக்கிறாள்.
நான் சொல்லவில்லை.
மீன் வாடை அடிக்கும் கோட்டுக்காரர்
கடிகாரத்தைப் பார்க்காமல் பார்க்கிறார்.
யாரும் காத்திருக்கவில்லை.
ஹல் நகரத்தில் யாரும் எதற்கும்
காத்திருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை.

பிறகு கேலம் வருகிறான்,
இடுப்பில் விலைத் துப்பாக்கியோடு.
டிக். டிக்.
ஒரு பவுண்டு எண்பது ரொட்டி
மஞ்சள் ஒட்டு விழுந்ததும் முப்பத்தைந்து பென்ஸ்.
கோழித் தொடை பாதி விலை, இன்றே கடைசி நாள்.
கைகள் நீள்கின்றன. முகங்கள் அசைவதில்லை.
மொய்ராவுக்குக் கை நீளம்,
சூரியகாந்தி விதை ரொட்டி எப்போதும் அவளுக்குத்தான்.
எனக்கு வாய்த்தவை
புள்ளி விழுந்த ஆறு வாழைப்பழங்கள்.

கேரவன் தொழிற்சாலையில் ட்ரெவருக்கு
வாரம் மூன்று நாள்தான் வேலை என்று ஆன அன்று
பச்சை நோட்டு ஒன்று போட்டேன்.
இடப்பக்கம் கொடுத்தது, வலப்பக்கம் மிஞ்சியது.
நோட்டு பொய் சொல்லாது.
நான்தான் சில சமயம்.
ஊருக்கு அந்தப் பக்கக் கடையில் முட்டைக்கோசு
நாற்பது பென்ஸ் மலிவு என்று போனேன்,
பேருந்துக்கு இரண்டு பவுண்டு.
கால் பணத்துக் கோசுக்கு முக்கால் பணம் சுமைகூலி என்றாலும் தேவலை,
இது ஐந்து பங்கு.
அந்த வரியை மட்டும் எழுதவில்லை.

தோட்டம் ட்ரெவரின் யோசனை.
"கொல்லையில் மண் சும்மாதானே கிடக்கிறது?"
மண் எங்கே கிடந்தது? சிமெண்டுத் தரை கிடந்தது.
அடுத்த வீட்டார் வீசிய குளியல் தொட்டி இலவசம்,
அதை இழுத்து வந்ததில் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு
தைலம் நாலு பவுண்டு.
உரமண் மூன்று மூட்டை. விதை. நாற்று.
நத்தை ஏறாமலிருக்கச் செப்புப் பட்டை.
நத்தைகள் ஏறின.
ஹம்பர் காற்றுக்கே அஞ்சாத எங்கள் நத்தைகள்
செம்புக்கா அஞ்சும்?

ஜூலை முழுக்க மழை.
ஆகஸ்டில் ஒரு தக்காளி,
கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது.
செலவையெல்லாம் கூட்டி
ஒன்றால் வகுத்தேன்.
முப்பத்தேழு பவுண்டு இருபது பென்ஸ்.
ட்ரெவரிடம் சொன்னேன். அவன்
ரொட்டிக் கத்தியை எடுத்தான், கீழே வைத்தான்,
டிராயரில் தேடி மெல்லிய கத்தியை எடுத்தான்.
ஆளுக்குப் பதினெட்டு அறுபது.
உப்புத் தொட்டு, நின்றபடியே தின்றோம்.
உப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சுக்கினிச் செடி ஒன்றுதான் வைத்திருந்தோம்.
ஒன்றே போதும் என்று யாரும் எச்சரிக்கவில்லை,
ஒன்றே அதிகம் என்றும்.
செப்டம்பரில் அது தொட்டியைத் தாண்டிக்
குப்பைத் தொட்டியைப் பிடித்து ஏறியது.
காலையில் விரல் கனம், மாலையில் கை கனம்.
சுக்கினி சூப், சுக்கினி கேக்,
சுக்கினி இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்த ஆம்லெட்.
ட்ரெவர் சாப்பாட்டு டப்பாவைத்
திறக்கும் முன்பே பெருமூச்சு விட்டான்.

ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு
திருடப் போகிறவளைப்போல் கொடுக்கப் போனேன்.
மொய்ராவின் வாசலில் மூன்றை வைத்துவிட்டு
செருப்புச் சத்தம் கேட்காமல் ஓடி வந்தேன்.
விடிந்து கதவைத் திறந்தால்
என் வாசலில் ஐந்து சுக்கினி.
என்னுடையவை பச்சை.
இவை மஞ்சள்.

அன்று மாலையும் ஏழு மணி.
நான் தயிர் வாசிக்கிறேன், அவள் சூப் வாசிக்கிறாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
கேலம் வந்தான்,
காய்கறிக் கூடையிலிருந்துதான் தொடங்கினான்.
சுக்கினி, மூன்று பத்துப் பென்ஸ்.
டிக்.
ஒரு கைகூட நீளவில்லை.
கோட்டுக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.
மொய்ராவால் அடக்க முடியவில்லை,
சூப் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
கண்ணை மூடிச் சிரித்தாள், சிரித்தாள்.

விதை ரொட்டியை நான் எடுத்துக்கொண்டேன்.
முப்பத்தைந்து பென்ஸ்.
நோட்டில் இருக்கிறது.