எலும்பு வழி

ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி.
சத்தம் புகாத பெட்டிக்குள் மீராலெப்பை,
கண்ணாடிக்கு இப்பால் நான்.
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றிருக்கிறேன்.
நான் ஒலி கொடுக்கும்போதெல்லாம்
சும்மா இருக்கிறார்.
நான் கையெடுத்த பின்
அழுத்துகிறார்.

இருபத்திரண்டு வருசம் முங்கினவர்.
முதலில் சங்கு, பிறகு கடலட்டை,
பிறகு யாருக்கோ ஒரு பழைய கப்பலில் பித்தளை.
வலது சவ்வில் ஓட்டை.
இடது பக்கம் நரம்பு போய்விட்டது.
"ஊரி பாடுது மிஸ்,
கரைக்கு வந்தும் நிக்குதில்ல,"
என்று கத்தினார். கேளாதவர்கள் கத்தித்தான் பேசுவார்கள்.

அதற்கு என்னிடம் ஒரு சொல் உண்டு, காதிரைச்சல்.
படிவத்தில் அதற்கொரு கட்டமும் உண்டு.
செத்த மயிர்க்கலங்களின் இடத்தை
மூளை தானே இட்டுக்கட்டி நிரப்புகிறது என்று
நானும் கத்தி விளக்கினேன்.
கடையில் மிச்சக்காசுக்கு நிற்பவர்போல
வாசலில் நின்றார்.
"மறுகா, நீங்க கேட்டிருக்கீங்களா?"

கல்லடியில் பிறந்தவள்.
கேட்டதில்லை.

வைகாசிப் பூரணைக்கு மறுநாள்,
கச்சான் ஓய்ந்த இரவு,
யோகரட்ணத்தின் தோணியில் நாலு பேர்.
நாலாவது ஆள் பல்கலைக்கழகத்து ரூபவாணி,
தண்ணீருக்குள் இறக்கும் மைக்கோடு வந்தவள்.

வயர் முதலில் கொண்டுவந்தது
எண்ணெயில் அப்பளம் பொரியும் சத்தம்.
"இறால்," என்றாள். "விரல் நீளமும் வராது.
ஒரு கொடுக்கைச் சொடுக்கும்.
சத்தம் கொடுக்கிலிருந்து இல்லை அக்கா,
உடைகிற குமிழியிலிருந்து."
பிறகு பாலத்தில் ஒரு லொறி,
தூண் வழியே இறங்கிச் சேறுவரை போனது.
பிறகு ஏதோ ஒரு மீன்
தன் காற்றுப்பையை அடித்துப் பெண்ணை அழைத்தது,
அல்லது எழும்படா என் இடத்தை விட்டு என்று
எவனையோ ஏசியது.

யோகரட்ணம் ஒன்றையும் நம்பவில்லை.
"பழைய பாலத்து இரும்புதான் பிள்ளை.
வத்து நீர் இழுக்கக்குள்ள முனகும்."
"அப்ப பாலம் கட்ட முந்தி?"
"முந்தி நான் பிறக்கல்ல."

மீராலெப்பை சவளை எடுத்தார்.
அலகைத் தண்ணீரில் விட்டு
பிடியைக் காதுக்குள் வைக்கவில்லை,
காதுக்குப் பின்னால், எலும்பில்.
எனக்குத் தெரிந்த எலும்பு அது.
காற்று வழி கேளாதவர்களுக்கு
நான் தினமும் மயிரை ஒதுக்கி
அதிர்வியை வைக்கிற அதே மேடு.
அவருக்கு அதை யாரும் படிப்பிக்கவில்லை.

"தண்ணிக்குள்ள சத்தத்துக்குத் திசை இல்ல, மிஸ்.
வள்ளத்து மெசின், பக்கத்தில முங்குறவன்ட மூச்சு,
எல்லாம் தலைக்கு நடுவிலதான் கேக்கும்.
எது வெளிய, எது உள்ள எண்டு
ஆரு பிரிக்கிற?"

நீரில் ஒலி நாலு மடங்கு விரைவு,
இரண்டு காதுக்கும் இடைவெளி போதாது.
பரீட்சைக்கு இதை எழுதி
எழுபத்தெட்டுப் புள்ளி எடுத்திருக்கிறேன்.

சவளை என்னிடம் நீட்டினார்.
"கேட்டா விரலத் தூக்குங்க."

ஈர மரம். மீன் செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டியது.
முதலில் என் கழுத்து நரம்பு.
என் பல். தூரத்தில் மறுபடி லொறி.
பொரிந்துகொண்டே இருந்த இறால்.
அதற்கும் கீழே,
அடுத்த அறையில் யாரோ வாய் மூடி இழுக்கிறமாதிரி
ஒற்றை நீளம்.
உற்றுக்கேட்டால் இல்லை.
விட்டுவிட்டால் இருந்தது.

"இப்ப ஒண்டுமில்லையே அக்கா,"
ரூபவாணி திரையைக் காட்டினாள்.
ஒரு கோடும் எழும்பவில்லை.

கொடுக்காத ஒலிக்குத் தூக்கிய விரலை
எங்கள் தொழிலில் பென்சிலால் குறிப்போம்.
இந்த நோயாளியின் பதிலை
முழுக்க நம்பவேண்டாம் என்று அர்த்தம்.
மீராலெப்பை என் முகத்தைப் பார்க்கவில்லை.
விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்,
ரிசல்ட்டுக்கு நிற்பவர்கள்
என் பேனையைப் பார்ப்பதுபோல.

பின்னணியத்திலிருந்து யோகரட்ணம்:
"என்ன மிஸ், காத்துப் பாக்கிறயளா?
கச்சான் இனி நாளைக்குத்தான்."