சாதாரண வருஷம்

பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி எனக்கு.
அட்டைப்படம் என்றால் தனிக்கணக்கு.
பதினேழு பாகமாய்
போ மாருவை நான்தான் வரைகிறேன்.
சிவப்பு அங்கி, கூர்த்தொப்பி, பிரம்பு,
உள்ளங்கையில் உருளும் பாதரச உருண்டை.
சால்வின் ஆற்றின் மேல் பறப்பார்.
மரத்தில் பழமாய்க் காய்க்கும் பெண்கள்
இருபதாம் பக்கத்துக்குள் வந்தாக வேண்டும்:
பதிப்பாளர் ஊ சோ நைங்கின் உத்தரவு.
மோல்மேன் பையன்கள் வாடகைக்கு எடுத்துப்போய்
எண்ணெய்க்கறையோடு
அவரைத் திருப்பித் தருகிறார்கள்.

போன மழையில்
தூரிகை துடைக்கப் பழைய காகிதம் தேடிப் போனேன்.
டைங்வுன்குவினில் மூட்டை கட்டுகிற கோ தான் ஸா
'உங்க எழுத்து' என்று
ஒரு பேரேட்டைத் தூக்கிப் போட்டான்.
எடைக்குத்தான். இரண்டு வீசை இருந்தது.

வட்டிக்கடைக் கணக்கு.
நடுவில் கரையான் ஏரி வெட்டியிருந்தது.
அதன் கரையில் தப்பி நின்றன சில வரிகள்:

சாதாரண வருஷம் மாசி மீ ௪
மருதப்ப பத்தர் பற்று
பாதரசம் வீசை ௧
மலைப் பகோடா மணிக்கு முலாம் பூச.
ஈடு, சம்சாரம் உலகம்மாள் மூக்குத்தி.

அறுபது வருஷத்தில் ஒன்றுக்கு
அப்படித்தான் பெயர், சாதாரண.

மருதப்பர். மாரு.
அவர் தொட்ட மணி பொன்னாயிற்று என்று
முதல் பாகத்தின் முதல் கட்டத்தில்
வரைந்தவன் நான்.
பொன்னாகவில்லை, பூசப்பட்டது.
பொன்னை ரசத்தில் கரைத்து
வெண்ணெய்போல் தடவிக்
கரிநெருப்பில் காட்டினால்
ரசம் புகையாகிப் போகும், பொன் தங்கும்.
போகிற புகை எங்கே போகும் என்று
அந்தச் சின்ன அறையில்
யாரும் அவரிடம் சொன்னதாய்க் கணக்கில் இல்லை.

பங்குனி: வட்டி வரவில்லை.
விரோதிகிருது பிறந்து சித்திரை:
பத்தர் நேரில் வந்தார். ஈறில் ரத்தம்.
ஆனி: பத்தருக்கு வாதம். கை நிற்கவில்லை.
ஒப்பத்துக்குப் பதில் பெருவிரல்.
அந்த ரேகையும் இழுபட்டு
வால் நட்சத்திரம்போல் கிடக்கிறது.

ரசவாதம் என்ற சொல்லை
நடுவில் பிளந்து படித்தது
அன்றைக்குத்தான்.

உள்ளதைச் சொன்னால்
ஆள் முழு யோக்கியமும் இல்லை.
மணியில் பொன் மூன்று டிக்கல் குறைகிறதென்று
பகோடாக்காரர்கள் கடைக்கே வந்து கேட்டிருக்கிறார்கள்.
அதே வாரம்
மூக்குத்தி மீட்கப்பட்டிருக்கிறது.
கணக்கப்பிள்ளை இரண்டையும்
அடுத்தடுத்து எழுதிவிட்டு
வேறொன்றும் எழுதவில்லை.
நல்ல மனுஷன்.

அதற்குப் பிறகு ஏரி.

போ மாரு மந்திரம் போடும்போது
கையைச் சுற்றி
மூன்று நான்கு நெளிகோடுகள் இழுப்பேன்.
எங்கள் தொழிலில் அதற்குச் சக்தி என்று அர்த்தம்.
பதினேழு பாகத்திலும் இழுத்திருக்கிறேன்.
தெரியாமலே சரியாக.

பதினெட்டில் மின்னலை விட்டுவிட்டேன்.
உருண்டையைச் சுற்றி ஒளியும் இல்லை.
கை, கோடுகள், அவ்வளவுதான்.
பழத்துப் பெண்களில் ஒருத்திக்கு மட்டும்
கதையில் இல்லாத ஒரு மூக்குத்தி.

ஊ சோ நைங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'என்ன இது, ஆள் நடுங்குகிற மாதிரி இருக்கே?'
'மேகத்துக்கு மேலே போகிறார் இல்லையா,
குளிர்' என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
'அப்படியென்றால் ஒரு போர்வை போடு.'

போட்டேன்.
சிவப்பிலேயே, கழுத்து வரைக்கும்.
அதற்குத் தனிக்கணக்கு கேட்கவில்லை.