மூன்றாவது விசில்

வேளச்சேரி ரயில், லேடீஸ் பெட்டி, எட்டு நாற்பது.
ஒரு கை கம்பியில்,
டிபன் பை கணுக்கால்களுக்கு நடுவில்.
மிச்சமிருந்த கட்டைவிரலால் எழுதினேன்,
இந்திரா நகருக்கும் கோட்டூர்புரத்துக்கும் இடையே:

"குக்கரில் மூன்று விசில் எண்ணத் தெரியாதவர்
மூன்றாம் உலகப்போர் எந்த மாதம் என்று
சொல்லிக்கொண்டிருக்கிறார்."

சேப்பாக்கத்தில் இறங்கும்போது நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.
தயிர்சாதம் திறக்கையில் நாலாயிரம்.

என் பெயர் அதில் கிடையாது.
பெயர் போட்டால் பின்னாலேயே மாமனார் வருவார்,
அவர் பின்னால் மாமனாரின் தம்பி.
அங்கே நான் வெயிட்டம்மா.
படத்தில் இருப்பது எங்கள் குக்கரின் வெயிட்,
புளி போட்டுத் தேய்த்தது.

ஒருவர் கேட்டிருந்தார்: "இன்னும் கல்யாணம் ஆகலியா?"
இன்னொருவர்: "ஆனதாலதான் இப்படி."
இரண்டு பேரும் மாலைவரை அடித்துக்கொண்டார்கள்.
நான் கோப்புகளுக்கு எண் போட்டேன்.
பெரம்பூரிலிருந்து ஒருத்தி,
"அக்கா, எங்க வீட்டுல கேமரா வெச்சிருக்கீங்களா?"
ஒருவன் மட்டும்
எந்த ஏரியா, எந்தத் தெரு என்று கேட்டிருந்தான்.
அதை இரண்டு முறை படித்தேன்.
வீட்டுக்குப் போகும்போது வேறு பெட்டியில் ஏறினேன்.

ராத்திரி சோபாவிலிருந்து தயாபரன்,
"மரகதம், இங்க வாயேன்!"
அடுக்ககக் குழுவில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.
வயிறு குலுங்க வாசித்தார்.
"பொம்பளை பேர்ல எவனோ எழுதறான். செம மூளை."

நான் சிரிக்கவில்லை.
புரியவில்லைபோல என்று நினைத்துக்கொண்டார்.
"அதாவது, இப்ப குக்கர் இருக்குல்ல..."

இருக்கிறது.

"அந்தாளுக்கு வீட்டு வேலை ஒண்ணும் தெரியாது.
ஆனா உலக அரசியல் பேசறான்.
முரண். அதுதான் இதுல ஜோக்கே.
நம்ம முதல் மாடி சபேசன் சார் மாதிரி."

உள்ளே விசில். அவர் நிமிரவில்லை.
இன்னொன்று.
நான்காவதுக்கு எழுந்திருக்கப் பார்த்தேன்,
"இரு, முழுசா சொல்லிடறேன்" என்றார்.
இருந்தேன்.
பருப்பு ஒருநாள் குழைந்தால் என்ன?
சரக்கு வீட்டுக்கே வந்து இறங்கும்போது
கதவைச் சாத்துகிறவள் வியாபாரியா?

மறுநாள் அதே எட்டு நாற்பது.
எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரே போன்.
ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
மந்தைவெளி தாண்டியதும் கையை எடுத்துவிட்டாள்.

ஹேர்கிளிப் அட்டைகளைத் தோளில் மாட்டியிருந்த அக்கா
நின்று கேட்டார், "இன்னாமா அப்படி சிரிப்பு?
எனக்குந்தான் பட்ச்சிக் காட்டேன்."

படித்துக் காட்டினார்கள்.
முகத்தில் ஒன்றும் அசையவில்லை.
பத்து ரூபாய் கிளிப் ஒன்றைக் கழற்றி
யாருக்கோ கொடுத்து, சில்லறை வாங்கி,
இறங்கும் வாசல்வரை போய்த் திரும்பினார்:

"எங்கூட்ல குக்கரே இல்லமா.
ஆனா அந்தாளு கீறான்."