கேட் போட்டாச்சு

நாலு லேப்டாப், பதினோரு பேர்,
ஃபீஸ் இல்லாத சனிக்கிழமை வகுப்பு.
ஒன்றில் ஸ்பேஸ் பட்டன் இல்லை,
ஐஸ் குச்சியால் குத்த வேண்டும்.
சி புரோகிராமிங்கில் எனக்கு அரியர் இருப்பது
இவர்களுக்குத் தெரியாது.

இன்றைக்கு, 'அதுவரை காத்திரு'.
போர்டில் அம்புக்குறி போட்டேன்,
அழித்தேன், திரும்பப் போட்டேன்.

ஹெப்சிபா எழுந்தாள்:
"நம்ம கொருக்குப்பேட்டை கேட்டு மிஸ்.
கூட்ஸு போற வரைக்கும் நிக்கணும்.
போச்சா பாக்கணும். போகலியா,
மறுபடி பாக்கணும்."

திரையில் பூனை நின்றது,
நாற்பத்திரண்டு பெட்டி போகும்வரை.
எல்லோரும் கத்தினார்கள்.

பிறகு, கேட்காமலே ஒரு வரி சேர்த்தாள்:
ஆட்டோவில் வலியோடு அம்மா இருந்தால்
கேட்டைத் திற.

ஓடவில்லை. சிவப்பில் பிழை.
"எங்க மிஸ் தப்பு?"

வரி வரியாகத் தேடுகிறேன்.
வெளியே மணி அடிக்கிறது,
கேட் இறங்குகிறது.