குழாய்க்குள் மழை

வெளியே மைனஸ் இருபத்தாறு.
கெமியார்வி ஏரி கல்லாய்க் கிடக்கிறது;
எங்கள் கட்டிலில் மட்டும், வெய்க்கோவின் மூக்கருகே,
பின்னிரவு மூன்று மணிக்கு மழை.

முதலில் தண்ணீரே ஊற்றாமல் போட்டுப் பார்த்தான்.
விடிந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.
சூடேற்றாத தொட்டி, பேருக்கு ஈரம்.
வெப்பத் தட்டை ஐந்தில் வைத்தோம்:
ஆவி, குளிர்ந்த குழாயில் துளித்துளியாகி
களகளவென்று முகமூடிக்குள் இறங்க
ஆற்றில் விழுந்தவன்போல் எழுந்து உட்கார்ந்தான்.

"சன்னலைச் சாத்துங்கள்" என்றாள் செவிலி, போனில்.
நாற்பது வருடமாய் ஒரு விரற்கடை
திறந்து வைத்தே தூங்குகிறவள் நான்.
சூடாகும் குழாய்க்கு விலை கேட்டோம்.
சீட்டை நான்காய் மடித்துப் பையில் வைத்தான்.

இன்று
அவனுடைய பழைய கம்பளிக் காலுறைகளை
முனை வெட்டி, ஒன்றோடொன்று தைத்து
குழாய்க்கு மாட்டியிருக்கிறேன்.
எண் மூன்று. சன்னல் அரை விரற்கடை.

குறட்டையும் இல்லை, மழையும் இல்லை.
நான்தான் விழித்திருக்கிறேன்,
எதற்கோ காது கொடுத்தபடி.