இருபது சதவீதம்

புதுவயல் மில்லில்
நெல் ஏற்றும் பெல்ட் எடுத்துக்கொண்டது இரண்டை.
வலது கை. ஆள்காட்டியும் நடுவிரலும்.
ஷிப்ட் முடிய இருபது நிமிஷம் இருந்தது.
அவித்த நெல் வாடை அன்றிலிருந்து
எனக்கு ஆஸ்பத்திரி வாடை.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல்.
அவர் காரின் பின்சீட்டில்தான் போனேன்,
ரத்தம் பட்டதற்கு ஒரு சொல் சொல்லவில்லை.
பில்லைக் கட்டினார். கையில் பதினைந்தாயிரம் தந்தார்.
அவர் வீட்டு ஆச்சி
தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் அனுப்பினார்கள்
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் கணக்கர் திருநாவு வந்தார்,
சூப் இல்லாமல், ஒரு தாளோடு.
'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று
கடைசி வரி.
அதற்கு முந்தைய வரியில்
இன்னொரு இருபத்தையாயிரம்.
'படிச்சுப் பார்த்துப் போடு, அவசரமில்லை' என்றவர்
செருப்பைக் கழற்றவில்லை.

காரைக்குடியில்
கொப்புடையம்மன் கோவிலுக்குப் பின்னால், மாடியில்,
வக்கீல் மெஹருன்னிசாவின் அறை.
ஃபேன் காற்றில் பேப்பர் பறக்காமல்
மூலை உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒன்று.
என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்,
வளையல்காரர் அளவு பார்ப்பதுபோல.
சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதாம்.
ஆள்காட்டி முழுசாகப் போனால் பதினாலு சதவீதம்.
நடுவிரல் பன்னிரண்டு.
மனக்கணக்கில் நான் கெட்டி.
'இருபத்தாறா?'
'இல்லைம்மா. ஒரே கையில ரெண்டுன்னா இருபது.'
சந்தையில் ஜோடியாக எடுத்தால் குறைப்பார்களே,
அப்படி.

முன்பணம் வேண்டாம் என்றார்.
'மஸ்டர்ல உங்க பேர் இருக்கா?'
சனிக்கிழமை தோறும் ஒரு நீல நோட்டில்
கையெழுத்துப் போட்டேன்.
அதன் அட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது.
'சாட்சி?'
நாத்தனார் பூரணம்
பக்கத்தில் சாக்கு பிடித்துக்கொண்டிருந்தாள்.
நிறுத்து நிறுத்து என்று கத்தியது அவள்தான்.
இன்றைக்கும் எட்டு மணிக்கு
அதே பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.
எனக்காகப் பார்த்ததைச் சொன்னால்
மறுநாள் எட்டு மணிக்கு எங்கே நிற்பாள்?

'ரெண்டு வருஷம் டைம் இருக்கு, யோசிங்க.'
அதில் நாலு மாசம் போய்விட்டது
தலை பின்ன, தேங்காய் திருக,
ஜாக்கெட் ஊக்கு மாட்ட
மறுபடி கற்றுக்கொண்டதில்.

வீட்டுக்காரர் சொல்கிறார்:
அந்த மனுஷன் மகள் கல்யாணத்துக்கு
நம்மைப் பந்தியில் உட்காரவைத்தவர்.
சரிதான். இலை எடுத்ததும் நான்தான்.
மகள் நர்ஸிங் சேர வேண்டும்,
ஃபீஸைச் சொல்லாமல்
காலேஜ் பேரை மட்டும் சொல்கிறாள்.
பூரணம் ஒன்றும் சொல்வதில்லை.
வந்தால் உட்கார்ந்து மீன் ஆய்கிறாள்,
என் பங்கையும் சேர்த்து.

ட்ரங்குப் பெட்டி மேல் இப்போது இரண்டு தாள்.
மில் தாள். வக்காலத்து.
இரண்டும் கேட்பது ஒரே கையெழுத்தை.
கைநாட்டு போதும் என்கிறார்கள், இரண்டு பக்கமும்.
நான் எட்டாவது பாஸ்.
மகளின் பழைய ரெக்கார்டு நோட்டில், பின்பக்கம்,
இடது கையால் பழகுகிறேன்.
ராவின் கால் சாய்கிறது.
க்-கின் புள்ளி அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது.
ம்மாவுக்குள் மூச்சு வாங்குகிறது.

நேற்று ராத்திரி
செதிலைக் கழுவி ஊற்றிவிட்டுக்
கிளம்பும்போது பூரணம் திரும்பினாள்.
'அந்தப் பெல்ட்டுக்கு இன்னும் மூடி போடலை, அண்ணி'
என்றாள்.
அவ்வளவுதான்.
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

விடிந்ததிலிருந்து பதினோரு தரம் எழுதிவிட்டேன்.
பேர் இன்னும் என் பேர் மாதிரி இல்லை.
காரைக்குடி பஸ் ஒன்பதே காலுக்கு.
மில் சங்கு இப்போதுதான் ஊதுகிறது.